சென்னையின் முதல் பயணிகள் ரயில் பாதை எந்தச் சட்டத்தின்கீழ் ஓடியது?

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலுக்கு அனுமதி தந்த சட்டம் எது, அதை நடத்திய கம்பெனியைக் கட்டுப்படுத்திய சட்டம் எது என்பது கேள்வி. ஒரு சட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் இதற்கு விடை முழுமையாகாது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சட்டப்படியான உருவைத் தந்தது லண்டன் பாராளுமன்றம் 1853-இல் இயற்றிய சட்டம். அதற்கும் முன்னதாக, 1852 டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் பணத்துக்கு வழி செய்துவிட்டது. கல்கத்தாவில் இயற்றப்பட்ட சட்டங்கள் நிலத்தைப் பெற்றுத் தந்தன. ரயில் ஓடத் தொடங்கியபின் பயணிகளும் ஊழியர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவை வகுத்தன. இவற்றுள் மிக வலிமையானது ஒப்பந்தம்தான் என்பது என் முடிவு. யார் முதலீடு செய்வது, நட்டம் யாருடையது, கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா, பாதை கடைசியில் யாருக்குச் சேரும் என்ற பெரிய கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பத்திரத்தில்தான் எழுதப்பட்டிருந்தது; இந்தியச் சட்டங்கள் அதைத் தொடாமல் அதைச் சுற்றியே இயற்றப்பட்டன.

அக்காலத்து இங்கிலாந்தில் நடைமுறை வேறாக இருந்தது. அங்கே ஒவ்வொரு ரயில் பாதைக்கும் தனித்தனியாகப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும். பாதை எந்தெந்த ஊர் வழியாக, யார் யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்ற வரைபடத்தை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். நிலத்துக்காரர்களும், கால்வாய்க் கம்பெனிகளும், போட்டிக் கம்பெனிகளும் வழக்கறிஞர் வைத்துக் குழுவின்முன் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நிலத்தைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரம், பாதை எவ்வளவு தூரம் விலகலாம் என்ற எல்லை, வசூலிக்கத்தக்க உச்சக் கட்டணம் ஆகிய எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும். 1844-இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், ஏழைப் பயணிகளுக்காக மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் தினமும் ஒரு ரயிலாவது விட வேண்டும் என்று புதிய கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. 1845-இல் நிலம் வாங்குவதற்கும் ரயில்வே நடத்துவதற்கும் பொதுவான விதித்தொகுப்புச் சட்டங்களும் வந்துவிட்டன.

இந்தியப் பாதைகளுக்கென்று அதே பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களில் இவற்றில் பெரும்பகுதி இல்லை. 1849-இல் பம்பாயின் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேக்கும் கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்கும் தனித்தனிச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றையொட்டி 1853-இல் மெட்ராஸ் கம்பெனிக்கும் ஒன்று நிறைவேறியது. பங்குதாரர்களை ஒரே சட்ட நபராக இணைப்பது, பங்கு வெளியிடவும் கடன் வாங்கவும் அதிகாரம் தருவது, கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்ள உரிமை அளிப்பது ஆகியவையே இத்தகைய சட்டங்களின் சாரம். வட ஆர்க்காட்டு உழவருடைய வயலின் குறுக்கே பாதை போகலாமா என்று அந்தப் பாராளுமன்றக் குழுவின்முன் யாரும் வாதாடவில்லை. வாதாட அவருக்கு வழியும் இல்லை. அனுமதிச் சட்டம் என்று அதை அழைத்தாலும், அது அனுமதித்தது கம்பெனியைத்தான். பாதைக்கான அனுமதி ஒப்பந்தத்தின் வழியாகவும், 1853 ஏப்ரலில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி எழுதிய புகழ்பெற்ற குறிப்பின் வழியாகவும், நிர்வாக உத்தரவுகளாகவே வந்தது. இந்தியாவின் முக்கியத் தடங்கள் எவை என்று டல்ஹவுசி அந்தக் குறிப்பில் வகுத்தார். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பாதை அவற்றுள் ஒன்று. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி ஆறு அங்குல அகலம் என்பதும் அப்போதைக்கு முடிவாகியிருந்தது.

மெட்ராஸ் கம்பெனியின் கதை 1845-இலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் ரயில்வே பங்குகளுக்காக மக்கள் பித்துப் பிடித்து அலைந்த ஆண்டு அது. அப்போது இதே பெயரில் ஒரு கம்பெனி லண்டனில் தோன்றியது. போடும் முதலுக்கு வட்டி உறுதி என்ற அரசின் உத்தரவாதம் இல்லாமல் முதலீட்டாளர்கள் பணம் போட முன்வராததால் அது கலைந்துபோயிற்று. 1849-இல் பம்பாய், கல்கத்தா கம்பெனிகளுக்கு உத்தரவாதம் கிடைத்ததைக் கண்டபின்தான் 1852-இல் அது மறுபடி உயிர்பெற்றது. 1853 ஜூன் மாதம் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளராக ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் வந்தார். பொன்னை ஆற்றின் மணலில் செங்கல் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் பாலம் கட்டிய முறையைப் பற்றி அவர் பின்னர் லண்டன் பொறியாளர் கழகத்தில் கட்டுரையே படித்தார். 1856 ஜூன் இறுதியில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு, பொதுமக்களுக்கான ரயில் ஓடத் தொடங்கியது. 1862-இல் பாதை மேற்குக் கரையில் பேப்பூரை எட்டியது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இக்கால ஒப்பந்தங்களோடு பழகியவர்களுக்கு அதன் ஷரத்துகள் வியப்பாக இருக்கும். கம்பெனி லண்டனில் திரட்டும் முதலை அரசின் கருவூலத்தில் செலுத்தும். தேவைப்படும்போது அரசின் ஒப்புதலோடு எடுத்துக்கொள்ளும். செலுத்திய நாளிலிருந்தே, பாதை ஒரு மைல்கூட ஓடத் தொடங்காதபோதும், அந்த முதலுக்கு ஐந்து விழுக்காட்டை ஒட்டிய வட்டியை அரசு தரும். மெட்ராஸ் கம்பெனிக்கு முதலில் நான்கரை விழுக்காடு. பின்னர் திரட்டிய முதலுக்கு ஐந்து. பாதைக்கான நிலத்தை 99 ஆண்டுகளுக்கு அரசு இலவசமாகத் தரும். பாதை ஓடி வருமானம் வந்ததும் அது வட்டிக்கு ஈடாகக் கழிக்கப்படும். துண்டு விழுந்தால் அரசு நிரப்பும். வட்டிக்கு மேல் வருமானம் வந்தால் அதில் பாதி, அரசு ஏற்கெனவே தந்த வட்டியைத் திருப்புவதற்கும், மறுபாதி பங்குதாரர்களுக்கும் போகும். இதற்கு ஈடாகக் கம்பெனி தபாலை இலவசமாக ஏற்ற வேண்டும். படைவீரர்களையும் தளவாடங்களையும் குறைந்த கட்டணத்தில் கொண்டுசெல்ல வேண்டும். கட்டண விகிதங்களுக்கு அரசின் ஒப்புதல் பெற வேண்டும். லாபம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு.

பத்து விழுக்காடு என்ற அந்த வரம்பு கிட்டத்தட்ட ஓர் அலங்காரம்தான். ஐந்து விழுக்காட்டுக்கே தடுமாறிய பாதையில் பத்தைத் தாண்டும் நாள் வரப்போவதில்லை என்பதால், கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை பத்திரத்தோடு நின்றது. ஆனால் இன்னொரு ஷரத்து உயிருள்ளதாக இருந்தது. கம்பெனி விரும்பினால் ஆறு மாத அறிவிப்புக் கொடுத்துப் பாதையை அரசிடமே ஒப்படைத்துவிட்டு, முறையாகச் செலவழித்த முதல் முழுவதையும் திரும்பப் பெறலாம். அதாவது பங்குதாரருக்கு வட்டியும் உறுதி, முதலும் உறுதி. வணிகத்தில் துணிவுக்குக் கூலியாகத்தான் லாபம் என்பார்கள்; இங்கே துணிய வேண்டிய தேவையே இல்லாமல் லாபம் வந்தது.

நாணய மாற்றைப் பற்றிய ஷரத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் பத்துப் பென்ஸ், அதாவது 22 பென்ஸ், என்று ஒப்பந்தங்களில் நிலையாக விகிதம் எழுதப்பட்டது (அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 240 பென்ஸ் ஒரு பவுண்டு). பாதைகள் கட்டப்பட்ட காலத்தில் சந்தையில் ரூபாயின் மதிப்பு ஏறத்தாழ 24 பென்ஸ். லண்டனில் 100 பவுண்டு செலுத்திய கம்பெனி, சந்தைக் கணக்கில் இங்கே 1,000 ரூபாய் பெற வேண்டும். ஒப்பந்தக் கணக்கிலோ ஏறத்தாழ 1,091 ரூபாய் பெற்றது. ரூபாய் வெள்ளி நாணயம்; பிறகு வெள்ளியின் விலை சரிந்து, 1890-களில் ரூபாய் 15 பென்ஸை ஒட்டி வந்தது. இப்போது பணம் மறுதிசையில் போகிறது. கம்பெனி இங்கே ஈட்டிய 1,000 ரூபாயை, ஒப்பந்தப்படி ஏறத்தாழ 92 பவுண்டாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; சந்தையில் அதன் மதிப்பு 62 பவுண்டு 10 ஷில்லிங்தான். ரூபாய் உயர்ந்திருந்தபோதும் தாழ்ந்தபோதும் அரசுக்கே நட்டம். இதைவிட விந்தை, கிரேட் இந்தியன் பெனின்சுலா போன்ற கம்பெனிகள் விஷயத்தில், உண்மையில் வட்டிக்கே போதாத வருமானம் இந்தக் கணக்கினால் உபரி வருமானமாகத் தோன்றியதும், அந்தத் தோற்ற உபரியில் பாதியைப் பங்குதாரர்களுக்கு அரசு கொடுக்க நேர்ந்ததும்தான். இந்திய அரசு இதைப் பற்றி லண்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தது; ஆனால் ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. கல்கத்தா சட்டமன்றம் எந்தச் சட்டம் இயற்றினாலும் லண்டனில் முத்திரையிட்ட அந்தப் பத்திரம் அப்படியே நின்றது. 1858-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து மகுடத்தின் ஆட்சி வந்தபோதும், அதன் பொறுப்புகள் அனைத்தும் ஒரு காற்புள்ளி மாறாமல் லண்டன் அமைச்சரவையில் இந்தியாவுக்குப் பொறுப்பான இந்தியா மந்திரியின் தலைக்குப் போயின.

செலவைக் கட்டுப்படுத்த ஒப்பந்தத்தில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. கம்பெனியின் லண்டன் இயக்குநர் குழுவில் அரசின் சார்பில் ஒருவர் பதவி வழியாக அமர்வார். அவருக்கு எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் அதிகாரம் உண்டு. தொடக்கத்தில் ஜேம்ஸ் மெல்வில் அந்த இடத்தில் இருந்தார். பின்னர் ஜூலண்ட் டான்வர்ஸ் நெடுங்காலம் இருந்தார். இந்தியாவில் ஒவ்வொரு மாகாண அரசும் ரயில்வேக்கென ஆலோசனைப் பொறியாளர் ஒருவரை வைத்திருந்தது. சென்னையில் பாதையை முன்னதாக ஆராய்ந்து அறிக்கை தந்த மேஜர் பியர்ஸ் ராணுவப் பொறியாளர். வரைபடம், மதிப்பீடு, செலவுப் பட்டியல் எல்லாம் ஆலோசனைப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் செல்லாது. ஒரு பாலத்துக்கான வரைபடம்கூடக் கம்பெனியின் பொறியாளரிடமிருந்து அரசுப் பொறியாளருக்கும், அங்கிருந்து மாகாண அரசுக்கும் போய்வர வேண்டியிருந்தது. இதனால் தாமதம் வந்தது, சச்சரவு வந்தது. சிக்கனம் மட்டும் வந்தபாடில்லை. மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று மதிப்பிடப்பட்ட உத்தரவாதப் பாதைகள், சராசரியாக அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விழுங்கின. சமவெளியில் போன சென்னைப் பாதை, மலையேறிய பம்பாய்ப் பாதையைவிடவும் பெரிய ஆறுகளைக் கடந்த வங்காளப் பாதையைவிடவும் மலிவாகவே முடிந்தது என்றாலும், உத்தரவாத வட்டிக்கான வருமானத்தை அதுவும் நெடுங்காலம் ஈட்டவில்லை.

1872-இல் பாராளுமன்ற விசாரணைக் குழுவின்முன், முன்பு இந்திய நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி சொன்ன சாட்சியம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. இந்திய வருவாயிலிருந்து ஐந்து விழுக்காடு உறுதியாக இருக்கும்வரை, தான் கடனாகத் தந்த பணம் ஹூக்ளி ஆற்றில் எறியப்படுகிறதா, செங்கல்லாகவும் காரையாகவும் மாறுகிறதா என்பது ஆங்கில முதலாளிக்குப் பொருட்டே இல்லை என்பது அதன் கருத்து. லாபமெல்லாம் கம்பெனிக்கு, நட்டமெல்லாம் அரசுக்கு என்று அதற்குமுன்பே குறைகூறிய வைஸ்ராய் லாரன்ஸ், 1869-இல் அரசே நேரடியாகப் பாதை போடும் கொள்கைக்கு வழிவகுத்தார். அதற்குள் சுமார் 4,250 மைல் பாதையும், ஏறத்தாழ ஒன்பது கோடி பவுண்டு முதலும் உத்தரவாத முறையின்கீழ் போய்விட்டிருந்தன. ரயிலைவிட வாய்க்காலும் நீர்வழியுமே இந்தியாவுக்கு மலிவான போக்குவரத்து என்று இடைவிடாமல் வாதாடிய ஆர்தர் காட்டனின் குரலும் சென்னையிலிருந்து எழுந்ததே. கோதாவரி அணையைக் கட்டியவர் என்பதால் அவர் பேச்சை ஒதுக்குவது எளிதாக இல்லை, ஆனாலும் ஒதுக்கினார்கள்.

நிலம் வந்த வழி தனிக் கதை. நிலத்தை இலவசமாகத் தருவதாக ஒப்பந்தம் சொன்னது. அதைப் பிறரிடமிருந்து எடுப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. வங்காளத்தில் பொதுப்பணிகளுக்கு நிலம் எடுக்க 1824-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ரயில்வேயும் பொதுப்பணியே என்று 1850-இன் 42-ஆம் சட்டம் அறிவித்து, அந்தப் பழைய விதியைக் கம்பெனிப் பாதைகளுக்கும் நீட்டியது. தனியார் பங்குதாரர்களுக்கு வட்டி ஈட்டித் தரும் பாதை, ஒரே வாக்கியத்தில் பொதுப்பணி ஆகிவிட்டது. இன்றுவரை நிலமெடுப்பு வழக்குகளில் பொதுநோக்கம் என்றால் என்ன என்று நடக்கும் வாதங்களின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். சென்னை மாகாணத்துக்கு 1852-இன் 20-ஆம் சட்டமும், சென்னை நகருக்கு அதை விரிவாக்கிய 1854-இன் முதலாம் சட்டமும் வந்தன. 1857-இன் 6-ஆம் சட்டம் இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. அதன்படி இழப்பீட்டைக் கலெக்டர் பேசி முடிப்பார். முடியாவிட்டால் மத்தியஸ்தர்களிடம் விட வேண்டும். அவர்கள் முடிவே இறுதி. மத்தியஸ்தர்களில் பலர் தகுதியற்றவர்களாகவும், சிலர் கையூட்டு வாங்குபவர்களாகவும் இருந்ததாகப் புகார் எழுந்ததால், 1870-ஆம் ஆண்டுச் சட்டம் தகராறுகளை உரிமையியல் நீதிமன்றத்துக்கு மாற்றியது. அதன் வாரிசுதான் 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம். 2014 தொடக்கத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை நம் தாசில்தார் அலுவலகங்களில் புழங்கியது அதுவே.

ஓடும் ரயிலைப் பற்றிய முதல் பொதுச் சட்டம் 1854-இன் 18-ஆம் சட்டம். ராயபுரத்திலிருந்து முதல் வண்டி கிளம்பியபோது நடப்பில் இருந்த ரயில்வே சட்டம் எது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். 1853-இன் சாசனச் சட்டத்தின்படி புதிதாக அமைந்த சட்டமன்றம் இதை இயற்றியது. அந்த மன்றத்தில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. முதல் இந்திய உறுப்பினர்கள் 1862-இல்தான் மத்தியச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தி டிக்கெட் பெறாமல் வண்டியில் ஏறக் கூடாது என்பதிலிருந்து, பாதையில் அத்துமீறி நுழைவோர், கடமை தவறும் ஊழியர்கள், விலையுயர்ந்த சரக்குக்குக் கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு என்பதுவரை அது பேசியது. அதை நீக்கி 1879-இன் 4-ஆம் சட்டம் வந்தது. அதையும் நீக்கி 1890-இன் 9-ஆம் சட்டம் வந்தது. கடைசியாகச் சொன்ன சட்டம் சுதந்திரத்தைத் தாண்டியும் நின்றதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

1890-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயணியின் கண்ணால் படித்தால் அது அபராதப் பட்டியலாகவே தெரியும். மோசடி எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் நூறு ரூபாய் வரை, காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுத்தால் ஐம்பது ரூபாய் வரை, ஓடும் வண்டியில் ஏறினாலோ இறங்கினாலோ இருபது ரூபாய் வரை, அத்துமீறி நுழைந்தால் இருபது, விலகச் சொல்லியும் விலகாவிட்டால் ஐம்பது. தொற்றுநோய் உள்ளவர் அனுமதியின்றிப் பயணம் செய்யக் கூடாது. ஆண் ஒருவர் பெண்கள் பெட்டியில் நுழைந்தால் நூறு ரூபாய் வரை அபராதம். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் எண்ணத்தோடு தண்டவாளத்தில் மரமோ கல்லோ வைத்தால் ஆயுள்வரை நாடுகடத்தல்.

கம்பெனியின் கடமைகளும் அதில் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ எழுதி வைக்க வேண்டும். ஏற்கெனவே நிறைந்த பெட்டியில் பயணியைக் கட்டாயப்படுத்தி ஏற்றும் ஊழியருக்கு அபராதம் உண்டு. அதன் உச்சம் இருபது ரூபாய். பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் கடைசி வகுப்பில் ஒரு பகுதியைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுவதானால் அந்தப் பகுதியில் கழிப்பறை இருக்க வேண்டும். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ரயிலையும் தவறவிட்ட வங்காளப் பயணி ஒருவர் 1909-இல் எழுதிய கடிதத்தால்தான் இந்திய ரயிலில் கழிப்பறையே வந்தது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கீழ் வகுப்புப் பெண்கள் பெட்டிக்காவது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே சட்டக் கட்டாயம் இருந்தது என்பதை அந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். புதிய பாதையைப் பயணிகளுக்குத் திறக்குமுன் அரசு ஆய்வாளர் பார்த்துச் சான்று தர வேண்டும், விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற பகுதிகளும் உண்மையிலேயே நல்ல ஏற்பாடுகள்.

வணிகருக்குத்தான் அந்தச் சட்டம் ஏமாற்றம் தந்தது. ஒரு வணிகருக்கோ ஒரு வகைச் சரக்குக்கோ நியாயமற்ற சலுகை காட்டக் கூடாது என்று 42-ஆம் பிரிவு சொன்னது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதை மீறினால் சாதாரண நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 26-ஆம் பிரிவு தடுத்தது. ரயில்வே ஆணையர்கள் குழுவிடம்தான் போக வேண்டும். அந்தக் குழுவோ, கவர்னர் ஜெனரல் தேவை என்று கருதும்போது மட்டும் அமைக்கப்படுவது. துறைமுகத்துக்குப் போகும் மூலப்பொருளுக்கும், துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு வரும் இறக்குமதிச் சரக்குக்கும் குறைந்த விகிதம், உள்நாட்டு ஊர்களுக்கிடையே போகும் சரக்குக்கு உயர்ந்த விகிதம் என்று இந்திய வணிகர்கள் பல பத்தாண்டுகள் முறையிட்டும் பெரிய பலன் கிடைக்காததற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம். இந்திய ரயில்வே நிர்வாகத்தை ஆராய்ந்த ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைக்குப்பின், 1926-இல் கட்டண ஆலோசனைக் குழு ஒன்று வந்தது. சுதந்திரத்துக்குப்பின், 1949-இல், கட்டணத் தீர்ப்பாயம் வந்தது. அந்தத் தீர்ப்பாயம் சென்னையில் அமைந்தது.

சரக்குத் தொலைந்தாலோ கெட்டாலோ கம்பெனியின் பொறுப்பு, பிறர் பொருளை ஒப்படைக்கப்பெற்றவரின் பொறுப்பு அளவுக்குத்தான் என்று 72-ஆம் பிரிவு சுருக்கியது. தன் சொந்தப் பொருளை ஒருவர் எந்த அளவு கவனத்தோடு காப்பாரோ அந்த அளவு கவனம் எடுத்தால் போதும். அதையும் குறைக்க, ரிஸ்க் நோட் என்ற படிவம் இருந்தது: குறைந்த கட்டணம் வேண்டுமானால், நட்டம் என் பொறுப்பு என்று சரக்குக்காரர் கையெழுத்திட வேண்டும். வெல்லமும் எண்ணெயும் ஏற்றி அனுப்பிய சிறு வணிகருக்கு அந்தக் கட்டண வித்தியாசத்தை விட்டுவிட மனம் வராது, கையெழுத்திடுவார், பிறகு வழக்கில் தோற்பார். இது 1961-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் மாறி, சரக்குக்கு முழுப் பொறுப்பேற்கும் நிலைக்கு ரயில்வே வந்தது.

சமஸ்தான எல்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து பேப்பூர் போகும் பாதை பெரும்பாலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள் வழியாகவே சென்றது. ஆனால் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குப் பிரிந்த கிளை மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. இத்தகைய இடங்களில் தண்டவாளம் கிடந்த நிலப்பட்டையின் மீதான ஆள்வரை அதிகாரத்தை சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் அரசுக்கு விட்டுக்கொடுத்தன. ஆகவே மைசூருக்குள் ஓடும் ரயிலில் நடந்த திருட்டு, மைசூர் நீதிமன்றத்துக்கு உரியதாக இருக்கவில்லை.

கடைசியாக, பாதை அரசின் கைக்கு வந்த விதம். 25-ஆம் ஆண்டின் அல்லது 50-ஆம் ஆண்டின் முடிவில் அரசு பாதையை விலைக்கு வாங்கலாம் என்று உத்தரவாத ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்தது. விலை என்ன? முந்தைய மூன்று ஆண்டுகளில் லண்டன் சந்தையில் அக்கம்பெனிப் பங்கின் சராசரி விலை. இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பங்கு சந்தையில் உயர்ந்து நின்றதே அரசின் ஐந்து விழுக்காட்டு உத்தரவாதத்தால்தான். ஆகவே தன் வாக்குறுதியால் உயர்ந்த விலையை, வாங்கும்போது அரசே கொடுக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயை 1880-இல் வாங்கியபோது நூறு பவுண்டுப் பங்குக்கு 125 பவுண்டு தரப்பட்டது. அதையும் ரொக்கமாகத் தராமல், பெரும்பகுதியை 1953 வரை நீளும் ஆண்டுத் தவணைகளாக மாற்றினார்கள். மெட்ராஸ் ரயில்வேயில் 25-ஆம் ஆண்டு வாய்ப்பை அரசு விட்டுவிட்டது. 1907 இறுதியில்தான் வாங்கியது. வாங்கியபின்னும் தானே நடத்தவில்லை. 1908 ஜனவரி முதல், ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையிலான பகுதியைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியிடமும், எஞ்சியதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனியிடமும் நடத்தக் கொடுத்தது. 1944-இல் இரண்டையும் அரசு நேரடியாக ஏற்றது. 1951 ஏப்ரல் 14 அன்று அவை தெற்கு ரயில்வேயில் இணைந்தன.

1890-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் பாராளுமன்றம் இயற்றிய 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 1990 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அபாயச் சங்கிலி, அத்துமீறல், டிக்கெட் இல்லாப் பயணம், பெண்களுக்கான ஒதுக்கீடு, விபத்து அறிவிப்பு, சரக்குப் பொறுப்பு என்ற பழைய தலைப்புகளில் பெரும்பாலானவை அதிலும் உண்டு. தொகைகளும் தண்டனைகளும் மாறியுள்ளன. இது குறித்து எழுதப்போகிறவர்கள் 1853-இன் பாராளுமன்றச் சட்டம், 1852-இன் ஒப்பந்தம், 1854-இன் 18-ஆம் சட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, எது எதற்கு அதிகாரம் தந்தது என்று பிரித்துக் காட்டுவது நல்லது. 1854-ஆம் ஆண்டுச் சட்டம் பாதை போட அனுமதித்தது என்று சில இடங்களில் காணப்படும் வாக்கியம் தவறு. அது இயற்றப்பட்டபோது, பாதையின் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.